கிராலருக்கு நீள ஷாக் போட்டேன், இப்போது கவிழ்கிறது. ஏன்?

கேள்வி, 12 நவம்பர் 2023

அண்ணா, 1/10 ராக் கிராலர் (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, பாறை ஏறும் ரிமோட் வண்டி) வாங்கி ஆறு மாதம் ஆகிறது. 90 மி.மீ. நீள ஷாக்கை (ஷாக் அப்சார்பர்) கழற்றிவிட்டு நாலு பக்கமும் 110 மி.மீ. போட்டேன், ஸ்பிரிங்கும் மெலிதானது. சாய்பலகையில் ஒரு சக்கரத்தை ஏற்றினால் ஃப்ளெக்ஸ் (மற்ற சக்கரங்கள் தரையை விடாமல் ஆக்சில் முறுக்கிக்கொள்வது) பார்க்கவே அழகாக இருக்கிறது. ஆனால் முன்பு சுலபமாக ஏறிய பாறையிலேயே இப்போது பக்கவாட்டில் கவிழ்கிறது. ஸ்பிரிங்கை இன்னும் மெலிதாக்கணுமா, ஆயிலைக் கெட்டியாக்கணுமா?

12 நவம்பர் 2023

இரண்டும் வேண்டாம் தம்பி. பழைய 90 ஷாக் பத்திரமாக இருக்கிறது என்றால் அதைத் திரும்பப் போடுங்கள். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

இதே வேலையை இரண்டு வருடம் முன்பு நானும் செய்தேன். என் வண்டி போர்ட்டல் (சக்கரத்தின் பக்கத்தில் கூடுதல் கியர்) இல்லாத சாதா ஆக்சில், வீல்பேஸ் (முன், பின் சக்கர இடைவெளி) 313 மி.மீ., பேட்டரியோடு 2.9 கிலோ. அதற்கும் 110 மி.மீ. ஷாக் வாங்கிப் போட்டேன். சாய்பலகையில் அளந்தேன். பெரிய ஜீப்புகளுக்குச் செய்யும் அதே கணக்குதான்: 20 பாகைப் பலகையில் ஒரு முன்சக்கரத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டும். ஏதாவது ஒரு சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் நிறுத்தி, பலகையில் ஏறிய தூரத்தை வீல்பேஸால் வகுத்து 1000 ஆல் பெருக்க வேண்டும். 90 ஷாக்கில் 190 மி.மீ. ஏறியது, அதாவது 607. 110 ஷாக்கில் 282 மி.மீ. ஏறியது, 901. அன்றைக்கு ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

பக்கச் சரிவுச் சோதனையை அன்றைக்கு நான் செய்யவே இல்லை, அப்புறம்தான் செய்தேன். அது இன்னும் எளிது. ஒரு பலகையில் வண்டியைக் குறுக்காக நிறுத்துங்கள், மேல்பக்கச் சக்கரங்கள் எழும்பும்வரை பலகையைத் தூக்குங்கள். கைப்பேசியில் இருக்கும் கோணமானி போதும். 90 ஷாக்கில் 47 பாகை தாங்கிய வண்டி, 110 மெலிசு ஸ்பிரிங்கில் 41 பாகையில் போய்விட்டது. ஆறு பாகை என்றால் கேட்கச் சின்னது. நீங்கள் சொல்லும் அந்தப் பாறையில் கவிழ்வதற்கு அதுவே காரணம்.

நடந்தது இரண்டு விஷயம். வண்டி உயர்ந்தது, அதனால் எடையின் மையமும் உயர்ந்தது. அதோடு மெலிசு ஸ்பிரிங்கில் பாடி சரிவின் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து, அந்த மையத்தை வெளியே தள்ளியது. ஆயிலுக்கு இதில் பங்கே இல்லை. பலகையில் நிற்கும் வண்டியில் பிஸ்டன் நகரவில்லை, நகராத பிஸ்டனுக்கு எந்த ஆயிலும் ஒன்றுதான்.

12 நவம்பர் 2023, இரவு

சாய்பலகைச் சோதனையில் ஒரு சேர்க்கை. சக்கரம் கிளம்பிவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வராது. டயருக்கு அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் கிளம்பிவிட்டது.

18 நவம்பர் 2023

ஷாக்கைப் பற்றிப் பேசுமுன் சொல்லியிருக்க வேண்டியது இது. நாலு ஷாக்கையும் கழற்றிவிட்டு ஆக்சிலைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே, கடைசிவரை. வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்காவது பிடித்தால் அது லிங்க் (ஆக்சிலைச் சேஸியோடு இணைக்கும் கம்பி) முனையில் இருக்கும் ராட் எண்டின் உருண்டை தன் கூட்டில் இடிப்பது. அல்லது லிங்க் சேஸியில் முட்டுவது, அல்லது டிரைவ்ஷாஃப்டின் (மோட்டாரின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) மூட்டு தன் கோணத்தைத் தாண்டுவது. இந்த மூன்றில் ஒன்று இருக்கும்வரை ஷாக்கை எத்தனை தரம் மாற்றினாலும் பயனில்லை. பிடிக்கிற லிங்க் தானே ஒரு முரட்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும்.

என் வண்டியில் பின்பக்க மேல் லிங்க் ராட் எண்ட்கள் இரண்டும் ஒரே தளத்தில் இறுகியிருந்தன. ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பினேன், பிடிப்பு போனது. செலவு எதுவும் இல்லை.

டிரைவ்ஷாஃப்ட் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. 110 ஷாக்கோடு அரிசோனாவில் பிரெஸ்காட் பக்கத்துப் பாறைப் பகுதியான கிரானைட் டெல்ஸுக்குப் போயிருந்தேன். ஃபீனிக்ஸிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். அங்கே உருண்டை உருண்டையாகத் தேய்ந்த கிரானைட், டயர் நன்றாகப் பிடிக்கும். ஒரு விளிம்பிலிருந்து பின்பக்கத்தை இறக்கும்போது ஆக்சில் முழுதாகத் தொங்கியது. டிரைவ்ஷாஃப்டின் ஆண் பாதி பெண் பாதியிலிருந்து வெளியே வந்துவிட்டது. திரும்ப ஏற முன்சக்கரம் மட்டும் போதவில்லை, அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது. ஷாக்கை நீட்டினால் ஷாஃப்டும் நீள வேண்டும், ஷாஃப்ட் நீண்டால் அமுங்கும்போது முட்டாமலிருக்க இடம் வேண்டும். முழுத் தொங்கலில் உள்பாதி குறைந்தது 10 மி.மீ. உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த 10 எந்தக் கையேட்டிலும் இருப்பதல்ல, அதற்குக் கீழே போன இரண்டு தடவையும் எனக்குக் கழன்றது.

26 நவம்பர் 2023

"அப்படியென்றால் ஃப்ளெக்ஸே வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். எதற்காக வேண்டும் என்று தெரிந்தால் எவ்வளவு வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

ஊரில் கயிற்றுக் கட்டிலையும் மரப் பெஞ்சையும் மேடுபள்ளமான வாசலில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். பெஞ்சுக்கு ஒரு கால் எப்போதும் அந்தரத்தில் இருக்கும். கட்டில் கொஞ்சம் நெளிந்து நாலு காலையும் ஊன்றிவிடும். ஆனால் கட்டிலின் நாலு காலிலும் ஒரே பாரம் இருக்கிறதா? இல்லை. கால் தரையைத் தொடுவது ஒன்று, அந்தக் கால் பாரம் தாங்குவது வேறு. சாய்பலகை முதலாவதை மட்டும்தான் அளக்கிறது. டயருக்குப் பிடிமானம் தருவது இரண்டாவது.

அதை அளக்க நாலு சமையலறைத் தராசு போதும். வீட்டில் ஒன்று இருந்தது, மூன்று வாங்கினேன். நாலு சக்கரத்தையும் நாலு தராசில் நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் இடது முன்சக்கரத் தராசில் 60 மி.மீ. மரக்கட்டையை வைத்து, அதன் எடையைப் பூச்சியமாக்கிவிட்டு, சக்கரத்தை அதன்மேல் ஏற்றுங்கள்.

சமதளத்தில் என் வண்டிக்கு முன்னால் 1620 கிராம், பின்னால் 1280. 90 ஷாக், நடுத்தர ஸ்பிரிங் நாலிலும். கட்டையில் ஏற்றியபோது இடது முன் 1090, வலது முன் 530, இடது பின் 360, வலது பின் 920. நாலும் தரையில்தான் இருக்கின்றன, காகிதம் இழுத்தால் வரவில்லை. ஆனால் 360 கிராம் தாங்கும் அந்த இடது பின் டயர் கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் சுற்றும்.

மெலிசு ஸ்பிரிங் நாலிலும் போட்டபோது அதே வரிசையில் 930, 690, 520, 760. பாரம் எவ்வளவு சமமாகிவிட்டது பாருங்கள். மெலிசு ஸ்பிரிங்கை எல்லோரும் விரும்புவதற்கு நியாயம் இருக்கிறது. அதற்குக் கொடுத்த விலை, பக்கச் சரிவு 47 இலிருந்து 43 ஆனது.

ஒன்று கவனித்தீர்களா? முதல் அளவில் முன்பக்க வித்தியாசம் 560, பின்பக்க வித்தியாசமும் 560. இரண்டாவதில் 240, 240. தராசு 10, 15 கிராம் முன்னே பின்னே காட்டியது, நான் சரிக்கட்டி எழுதியிருக்கிறேன். இது தற்செயல் இல்லை. முன் ஆக்சில் பாடியை ஒரு பக்கம் திருகுகிறது, பின் ஆக்சில் எதிர்ப்பக்கம் திருகுகிறது, பாடி நடுவில் அசையாமல் நிற்கிறது. இரண்டு திருகலும் சமமாக இருந்தால்தான் அது நிற்கும்.

27 நவம்பர் 2023

மேலே எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தோன்றியது. இரண்டு திருகலும் சமம் என்றால், ஒரு முனையை மட்டும் மெலிசாக்கினாலும் இரண்டு முனையிலும் பாரம் சமமாகத் தொடங்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த இரண்டு ஸ்பிரிங் மாதிரி. மெலிசானது எதுவோ அதுதான் வழிவிடும்.

செய்து பார்த்தேன். ஒரு முனையில் நடுத்தரம், மறுமுனையில் மெலிசு: 980, 640, 470, 810. மிகக் குறைந்த பாரம் தாங்கும் சக்கரம் 360 இலிருந்து 470 ஆனது. நாலையும் மெலிசாக்கினால் 520. அதாவது ஒரு முனையை மட்டும் மாற்றியதிலேயே மூன்றில் இரண்டு பங்கு ஆதாயம் கிடைத்துவிட்டது. பக்கச் சரிவோ 46 பாகை. ஒரே ஒரு பாகைதான் இழப்பு!

எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் கிடைத்த மிக நல்ல மாலை அதுதான். சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை.

3 டிசம்பர் 2023

எந்த முனையை மெலிசாக்குவது என்ற கேள்விக்கு என் பதில்: பின்பக்கத்தை. ஸ்டியரிங் முன்னால் இருக்கிறது, முன் ஆக்சில் பாடியோடு சேர்ந்து உறுதியாக நின்றால் சக்கரம் திரும்பும்போது சர்வோவின் (ஸ்டியரிங்கைத் திருப்பும் சின்ன மோட்டார்) உதைப்பில் பாடி ஆடாது. பின்பக்கம் முன்னால் போவதைப் பின்தொடர்ந்து நெளியட்டும்.

17 டிசம்பர் 2023

3ஆம் தேதி சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். யாராவது அதைப் பார்த்து ஸ்பிரிங் வாங்கியிருந்தால் முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று மறுபடி டெல்ஸ். வாட்சன் ஏரிக் கரையை ஒட்டி ஒரு பிளவு இருக்கிறது. சுமார் 40 பாகை ஏற்றம், நடுவில் வலப்பக்கம் ஒரு குமிழ். இரண்டு வருடமாக அதைத்தான் ஏற்றப் பார்க்கிறேன். பின்பக்கம் மெலிசாக இருந்த வண்டி குமிழில் வலது முன்சக்கரத்தை வைத்ததும் பாடி இடப்பக்கமாக மெதுவாகச் சரிந்தது. மெதுவாக என்பதுதான் கொடுமை, பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. ஆறு தடவை ஏற்றினேன், ஆறு தடவையும் இடப்பக்கம்தான் விழுந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சமதளத்தில் பின் ஆக்சில் தாங்குவது 44 சதவீதம். எடை மையம் தரையிலிருந்து சுமார் 98 மி.மீ. என்றால், 40 பாகை ஏற்றத்தில் பாறையை அழுத்தும் பாரத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் பின் டயர்களில் போய் உட்காருகிறது. முன் ஆக்சில் ஒப்புக்குத்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. பாடி சாயாமல் பிடிக்கும் பொறுப்பு அந்த நேரத்தில் பின் ஸ்பிரிங்குகளுக்கு. நான் அதைத்தான் மெலிசாக்கி வைத்திருந்தேன்.

தராசு நாலும் சமதளத்தில் நின்றன. தராசு சொன்னது பொய்யில்லை, சமதளத்துக்குச் சரி. நான் ஏறுவது சமதளத்தில் இல்லை.

18 டிசம்பர் 2023

பின்னால் நடுத்தரம், முன்னால் மெலிசு. வீட்டுக்குப் பின்னால் கல் அடுக்கி வைத்த ஏற்றத்தில் சரிகிற பழக்கம் போய்விட்டது. தராசில் அதே எண்கள்தான், அவற்றுக்கு எந்த முனை என்பது பொருட்டில்லை. 3ஆம் தேதிக் குறிப்பை அழிக்காமல் விடுகிறேன், ஏன் தவறு என்று புரிய அது அங்கே இருப்பது நல்லது.

7 ஜனவரி 2024

வண்டி எவ்வளவு உட்கார வேண்டும் என்பது பற்றி.

என் 90 ஷாக்கின் தண்டு நகரும் தூரம் 28 மி.மீ. வண்டி தன் எடையில் நிற்கும்போது அதில் எவ்வளவு அமுங்கியிருக்கிறது? முன்பு 10 மி.மீ. மேலே போக 18 மிச்சம், கீழே தொங்க 10 மிச்சம். பந்தய வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது இயல்பாகத் தெரியும், குதித்து விழுவதை வாங்கிக்கொள்ள மேல்பக்கம் இடம் வேண்டும் அல்லவா.

கிராலர் குதிப்பதில்லை. அதனால் தலைகீழாக்கினேன்: 20 அமுங்கி நிற்கும், மேலே 8, கீழே 20. ஆக்சில் முறுக்கிக்கொள்ளும் மொத்த அளவு மாறவே இல்லை. ஒரு பக்கம் 8 ஏறும், மறுபக்கம் 20 இறங்கும், கூட்டினால் அதே 28. மாறியது பாடி நிற்கும் உயரம். 10 மி.மீ. ஷாக்கில் என்றால், ஷாக் சாய்ந்திருப்பதால் சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் கூட. பக்கச் சரிவு 50 பாகை.

இதில் பலரும் தவறாகப் பிடித்துக்கொள்வது ஒன்று உண்டு. கீழே தொங்கும் சக்கரத்தை அழுத்துவதற்கு ஸ்பிரிங்கில் பெரிய பலம் மிச்சமிருக்காது, ஆக்சிலின் சொந்த எடைதான் அதைப் பாறையில் வைக்கிறது. கிராலர்காரர்கள் பித்தளை நக்கிளும் (முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் பாகம்) பித்தளை டிஃப் மூடியும் (ஆக்சிலின் நடுக் கியர் கூட்டின் மூடி) போடுவது அதற்காகத்தான். வேகமாக ஓடும் வண்டியில் ஸ்பிரிங்குக்குக் கீழே எடை சேர்ப்பது பாவம். இங்கே அதே எடை கீழேயே கிடந்து உதவுகிறது. முன் ஆக்சிலில் பக்கத்துக்கு 60 கிராம் சேர்த்தேன், அதற்கு மேல் சர்வோ சிரமப்பட்டது.

மேலே 8 மி.மீ. மட்டும் விடும்போது டயர் பாடியின் சக்கர வளைவில் உரசுகிறதா பாருங்கள். ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பி வைத்துப் பாருங்கள். நேராக வைத்துப் பார்த்து ஏமாற வேண்டாம்.

20 ஜனவரி 2024

ஆயில். கேள்வியின் இரண்டாம் பாதியை இவ்வளவு நாள் விட்டுவைத்தேன்.

புட்டியில் போட்டிருக்கும் 30, 40 என்ற "வெயிட்" எண்ணை நிறுவனம் விட்டு நிறுவனம் ஒப்பிடாதீர்கள். டீம் அசோசியேட்டட் நிறுவனத்தின் 30 என்பது 350 சென்டிஸ்டோக்ஸ் (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு), அவர்களுடைய 40 என்பது 500. வேறு நிறுவனத்தின் 30 அதே 350 ஆக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சென்டிஸ்டோக்ஸ் எண்ணை மட்டும் பாருங்கள், புட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஆயிலின் தடை பிஸ்டன் நகரும் வேகத்தைப் பொறுத்தது. ஊர்ந்து ஏறும்போது வேகம் கிட்டத்தட்ட இல்லை, ஆகவே 350 ஆ 500 ஆ என்பது ஏறுவதில் தெரியாது. தெரியும் இடம் இரண்டு. ஒன்று, சக்கரம் விளிம்பிலிருந்து சட்டென்று இறங்கும்போது. ரொம்பக் கெட்டியாக இருந்தால் சக்கரம் பாறையை அடையுமுன் பாடி அதோடு சேர்ந்து சாய்ந்துவிடும். இரண்டு, சக்கரம் ஒரு குமிழைத் தாண்டி இறங்கியதும் பாடி ஆடும்போது. ரொம்ப இளக்கமாக இருந்தால் அந்த ஆட்டமே வண்டியைக் கவிழ்க்கும்.

இங்கே பெரிய ஜீப்பைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம். புவியீர்ப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதில்லை. பத்தில் ஒரு பங்கு உயரமுள்ள வண்டி கவிழ எடுக்கும் நேரம் பெரியதன் நேரத்தில் பத்தின் வர்க்கமூலத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய மூன்றில் ஒன்று. கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாறைப் பாதையில் ஒரு ஜீப் சாயும்போது ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடித்துக் காப்பாற்ற நேரம் இருக்கிறது. நம் விரல் டிரிக்கரில் நகருமுன் நம் வண்டி படுத்துவிடும். அதனால் ஆட்டத்தை ஆயில் அடக்க வேண்டும், நம் கை அல்ல. இப்போது முன்னால் 350, பின்னால் 500 வைத்திருக்கிறேன்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள் தொடர்ந்து 43 பாகை செல்சியஸைத் தொட்டது. கார் டிக்கியில் கிடந்த வண்டியை எடுத்து ஓட்டினால் ஷாக் தண்ணீர் மாதிரி இருந்தது. சிலிகான் ஆயில் மற்ற ஆயில்களைவிடச் சூட்டைத் தாங்கும், ஆனாலும் இளகத்தான் செய்கிறது. கோடைக்கு ஒரு படி கெட்டியாகப் போடுவேன்.

21 ஜனவரி 2024

ஆயில் ஊற்றியபின் தண்டை மெதுவாக மேலும் கீழும் பத்துத் தடவை ஆட்டி, குமிழிகள் எழுந்து வரும்வரை ஷாக்கை நிறுத்தி வையுங்கள். நான் இரவு முழுக்க வைக்கிறேன். ஓ-ரிங்கில் (ஆயில் கசியாமல் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம்) கொஞ்சம் கிரீஸ். மெலிசு ஸ்பிரிங்கோடு வறண்ட ஓ-ரிங் இருந்தால் ஷாக் பாதியிலேயே ஒட்டி நிற்கும், வண்டி ஒரு நேரம் உயரமாகவும் ஒரு நேரம் தாழ்வாகவும் நிற்கும். மாதக்கணக்கில் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு ஷாக் இப்படி ஒட்டியதுதான் காரணமாக இருந்தது. அவருக்கு ஒட்ட வைத்தது ஷாக்கின் தண்டில் நகக்கண் அளவு கீறல்.

4 பிப்ரவரி 2024

என் மகள் ஓட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, வண்டி ஒரு காலை நொண்டுது" என்றாள். நான் ஓட்டும்போது எனக்குத் தெரியாமல் போனது அது.

அதன் பெயர் டார்க் (torque) ட்விஸ்ட். டிரைவ்ஷாஃப்ட் ஆக்சிலைச் சுழற்றத் தள்ளும்போது அந்தத் தள்ளலின் மறுபாதி சேஸியைத் திருகுகிறது. பாடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, எதிர்மூலையில் ஒரு சக்கரம் லேசாகிறது. நீளமான, மெலிசான ஷாக்குகளில் இது பூதாகாரமாகத் தெரியும். எந்த வண்டியானாலும் இது உண்டு, அளவுதான் வேறு.

பார்ப்பதற்கு: வண்டியின் முன்பக்கத்தைச் சுவரில் முட்டவைத்து மெல்ல ஆக்சிலரேட்டர் கொடுங்கள். பாடி எந்தப் பக்கம் இறங்குகிறது? அந்தப் பக்கத்துப் பின் ஷாக்கின் மோதிரத்தை (ஸ்பிரிங்கின் மேல்முனையைப் பிடிக்கும் திருகு வளையம்) 2 மி.மீ. இறக்கி ஸ்பிரிங்கை இறுக்குங்கள். நிற்கும்போது வண்டி ஒரு நூல் கோணலாக நிற்கும், பாரத்தில் நேராகிவிடும். பின்பக்கம் நடுத்தர ஸ்பிரிங் வைத்ததும் இதற்குச் சேர்த்து உதவியது. அன்றைக்கு ஏற்றத்துக்காகச் செய்தது இதற்கும் பலித்தது.

போர்ட்டல் ஆக்சிலில் இது குறைவு. 2017இல் வந்த டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4, 2019இல் வந்த ஆக்சியல் காப்ரா இரண்டிலும் சக்கரத்தின் பக்கத்திலேயே கடைசிக் கியர் குறைப்பு இருக்கிறது. டயருக்கு அதே பலம் கிடைக்க டிரைவ்ஷாஃப்ட் அவ்வளவு முறுக்கைச் சுமக்க வேண்டியதில்லை, சேஸியைத் திருகும் பலமும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆக்சில் தரையிலிருந்து உயரும் என்பதற்காகத்தான் எல்லோரும் போர்ட்டல் வாங்குகிறார்கள். எனக்கென்னவோ இந்த இரண்டாவது பலன்தான் பெரியதாகத் தெரிகிறது.

5 பிப்ரவரி 2024

மகளுக்குப் பின் ஷாக் மோதிரத்தைத் தானே திருகிப் பார்க்க வேண்டுமாம். திருகிவிட்டாள். சரியாகத்தான் செய்தாள்.

2 மார்ச் 2024

நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன் தம்பி. 90 ஷாக்குக்கு மனம் வரவில்லை, 110ஐயே வைத்துக்கொண்டு மேல்முனையை உள்ளே சாய்த்துப் பொருத்தி உயரத்தைக் குறைத்தீர்கள், இப்போது பாடி படகு மாதிரி ஆடுகிறது. ஸ்பிரிங் அதேதான், எப்படி மெலிசானது என்று கேட்கிறீர்கள்.

சாய்த்ததால்தான். நிமிர்ந்த நிலையிலிருந்து ஷாக் எவ்வளவு சாய்கிறதோ, சக்கரத்துக்குத் தெரியும் ஸ்பிரிங்கின் பலம் அந்தக் கோணத்தின் கொசைனின் வர்க்கமாகக் குறையும். 20 பாகையில் 0.88. நீங்கள் சொல்லும் 40 பாகையில் 0.59. அதே ஸ்பிரிங், மூன்றில் ஒரு பங்கு பலம் காணாமல் போய்விட்டது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஷாக்குகள் ஒன்றையொன்று நெருங்கினால் பாடியைச் சாயவிடாமல் பிடிக்கும் பலம் இடைவெளியின் வர்க்கமாகக் குறையும். 130 மி.மீ. இடைவெளி 110 ஆனால் மிச்சம் 72 சதவீதம்தான்.

110ஐயே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. ஷாக்கைப் பிரித்து, பிஸ்டனுக்குக் கீழே தண்டில் சிலிகான் எரிபொருள் குழாய்த் துண்டு ஒன்றைக் கோத்துவிடுங்கள். நைட்ரோ வண்டிக்கு (எரிபொருளில் ஓடும் ரிமோட் வண்டி) விற்பதுதான், சில ரூபாய்க்குக் கிடைக்கும். 12 மி.மீ. துண்டு என்றால் 12 மி.மீ. தொங்கல் குறையும். ஷாக் நீளமாக இருக்கும், நீட்சி இருக்காது, டிரைவ்ஷாஃப்டும் கழலாது. முன்பக்கத்துக்கு முதலில் செய்யுங்கள். செங்குத்தாக ஏறும்போது முன் ஷாக் நீண்டு மூக்கு மேலே எழும்புவதை அது தடுக்கும். பெரிய பாறை வண்டிகளில் முன் ஆக்சிலை வின்ச் கயிற்றால் இறுக்கிப் பிடிப்பது இதற்காகத்தான்.

3 மார்ச் 2024

நேற்று விட்டது: குழாய்த் துண்டை நாலிலும் ஒரே நீளமாக வெட்டுங்கள். இடது 12, வலது 13 என்று வெட்டி ஒரு மாலை முழுக்க வண்டி ஏன் கோணல் என்று தேடியிருக்கிறேன்.

23 மார்ச் 2024

இன்று டெல்ஸ். காலை ஆறரைக்கு ஃபீனிக்ஸில் கிளம்பினோம், பாறை இன்னும் சில்லென்று இருந்தது.

90 ஷாக் நாலிலும். முன்னால் மெலிசு ஸ்பிரிங், 350. பின்னால் நடுத்தரம், 500, இடது மோதிரம் 2 மி.மீ. கூட. 28இல் 20 அமுங்கி நிற்கிறது. முன் ஷாக்குகளில் 4 மி.மீ. குழாய்த் துண்டு. வாட்சன் ஏரிக்கரைப் பிளவில் முதல் தடவை டயர் வழுக்கியது. இரண்டாவது தடவை குமிழில் கோடு தவறினேன், வண்டி சாய்ந்து நின்றது, விழவில்லை. ரிவர்ஸ் எடுத்து இறங்கினேன். மூன்றாவது தடவை மகள் கேட்டாள், ரிமோட்டைக் கொடுத்தேன். வலது முன்சக்கரத்தைக் குமிழின் நடுவில் வைக்காமல் இடது விளிம்பில் வைத்தாள். ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அதே 20 பாகைப் பலகையில் வைத்துப் பார்த்தேன். 195 மி.மீ. 623.